சம்பந்தி பக்கத்தில் இருந்தால் ஓடும் சர்வர்

என் சம்பந்தியும் நானும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறோம். என் மகனும் அவர் மகளும் எங்கள் ஆண்டு விழாவில்தான் கண்ணோடு கண் பார்த்தார்கள் என்று அலுவலகம் பேசுகிறது; நான் மறுப்பதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நான் அந்த அம்மாளைச் சம்பந்தி என்று கூப்பிடப் போய், எல்லாருக்கும் அவர் சம்பந்தியம்மா ஆகிவிட்டார். லாரி டிரைவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. சரக்கு ஏற்றிய லாரி வெளியே போக அனுமதிச் சீட்டு அச்சடித்துக் கொடுப்பவன் நான். அதனால் என் பெயர் 'சீட்டு'.

சம்பந்தி கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். மாடிப்படிக்கு அடியில் ஏசி போட்ட ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரு பழைய சர்வர். எந்த மேசையில் எந்தக் கணக்கைத் திறந்தாலும் அது அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் வந்தாக வேண்டும். புதிது வாங்கலாம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் மேனேஜர், "ஓடுதுல்ல?" என்பார். ஓடத்தான் செய்தது. சம்பந்தி ஓட வைத்தார். கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களிலிருந்து மெமரியைக் கழற்றி இதில் மாட்டுவார். முனகுகிற ஃபேனைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து மாற்றுவார்.

அப்படிப்பட்ட சர்வர் ஒரு மழைக்காலத்தில் படுக்க ஆரம்பித்தது. நான் பட்டனைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன், திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும், வெளியே லாரிகள் ஹாரன் அடிக்கும். டிரைவர்கள் என் பரம்பரையையே விசாரித்தார்கள். நான் கோபக்காரன். நேராக மேனேஜரிடம் போய்ப் புகார் கொடுத்தேன்.

சம்பந்தி சும்மா இருக்கவில்லை. பெட்டியைத் திறந்து தூசியை ஊதித் தள்ளினார். பழைய பில்களால் டிஸ்க் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அவற்றை வேறு டிஸ்க்குக்கு மாற்றினார். வேலை நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த பேக்கப்பை அலுவலகம் மூடிய பிறகு ஓடும்படி வைத்தார். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் தேறியது, மறுபடி படுத்தது.

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. சம்பந்தி அந்த அறைக்குள் போய்ப் பார்க்கும்போதெல்லாம் சர்வர் பறக்கும். அவர் வெளியே வந்து கொஞ்ச நேரமானால் படுத்துவிடும். "அம்மாவைக் கண்டா அதுக்குப் பயம்" என்றார் ஒரு டிரைவர். மேனேஜருக்கு இது பெரிய ஞானோதயம். சம்பந்தியின் மேசையையே தூக்கி அந்தக் குளிர் அறைக்குள் போட்டார். அங்கே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, விரல் விறைக்க, நாள் முழுக்க அந்த சர்வரிலேயே அவர் வேலை பார்த்தார். அதுவும் சமர்த்தாக ஓடியது. மேனேஜர் தன் வைத்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் வீட்டில் நல்ல சேதி நெருங்கியது. என் மருமகளுக்கு, அதாவது அவர் மகளுக்கு, மாதம் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் இருப்பதோ வெளியூரில். என் மகனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. என் மனைவி முழங்கால் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தாள். சம்பந்திதான் போயாக வேண்டும். லீவு கேட்டார்.

"நீங்க போனா அது படுத்துக்கும்மா" என்றார் மேனேஜர். "குழந்தை பொறக்கட்டும், அப்புறம் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், அவ என் மருமக. ஒரு பெட்டிக்காக அவளைத் தனியா விடச் சொல்றீங்களா?"

"சீட்டு லேட்டாகுதுன்னு புகார் குடுத்ததே நீங்கதானே?"

வெளியே வந்தபோது சம்பந்தியின் கண் கலங்கியிருந்தது. "எப்பம்மா வர்றேன்னு அவ போன்ல கேக்கவே மாட்டேங்கறா சம்பந்தி. கேட்டாக்கூட பரவால்ல" என்றார்.

மறுநாள் காலையில் அவர் வேறு ஆளாக வந்தார். "நான் இருந்தா ஓடுது, போனா படுக்குதுன்னு ஆளாளுக்குச் சொல்றீங்க. அது நாய்க்குட்டியா, ஆளைப் பாத்து வாலாட்ட? நான் அங்க இருக்கேங்கறது முக்கியமா, அங்க என்ன செய்யறேங்கறது முக்கியமா? இன்னிக்கு நான் உள்ள போய்க் கையக் கட்டிக்கிட்டுச் சும்மா உக்காரப்போறேன். நீங்க சீட்டுப் போட்டுக்கிட்டே இருங்க."

நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சீட்டு மேல் சீட்டாகப் போட்டேன். முதலில் சரசரவென்று வந்தது. கொஞ்ச நேரத்தில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

"சம்பந்தி, படுத்துடுச்சு."

"நான் இங்கயேதான் உக்காந்திருக்கேன்" என்ற அவர் குரல் சட்டென்று நின்றது. பிறகு சிரிப்புச் சத்தம். "மேனேஜரைக் கூட்டிக்கிட்டு வாங்க."

போய்ப் பார்த்தால், சர்வரின் திரையில் மீன்கள். சிவப்பு மீன், வரி மீன், தத்ரூபமாகச் செதில் மின்ன, குமிழி விட்டபடி நீந்திக்கொண்டிருந்தன. இயந்திரத்தை யாரும் தொடாமல் இருந்தால் தானாக வந்துவிடும் ஸ்கிரீன்சேவர் அது. சம்பந்தி உள்ளே வந்ததும் முதலில் மவுஸை அசைப்பார், அப்புறம்தான் திரையைப் போடுவார். அதற்குள் மீன்கள் மறைந்துவிடும். போகும்போது திரையை அணைத்துவிட்டுப் போவார். அணைந்த திரைக்குப் பின்னால் மீன்கள் யாருக்கும் தெரியாமல் நீந்தின. அவற்றை வரைந்து வரைந்தே சர்வரின் சக்தியெல்லாம் போனது.

மேனேஜர் காலரைத் தளர்த்திக்கொண்டார். "மழை ஆரம்பிச்சப்ப தலைமை அலுவலகத்து ஆளுங்க சுத்திப் பாக்க வந்தாங்கல்ல, அன்னிக்கு ஸ்கிரீன் கருப்பா, இழவு வீடு மாதிரி இருந்துச்சு. லட்சணமா இருக்கட்டுமேன்னு நான்தான் போட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். சம்பந்தி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். "மீனுங்க அழகாத்தான் சார் இருக்கு" என்றார். "ஆனா இதுங்களுக்குத் தீனி போட்டே மிஷின் இளைச்சுப் போச்சு." ஸ்கிரீன்சேவரை எடுத்தார். அன்று முழுக்க அந்த அறையைப் பூட்டியே வைத்தோம். சீட்டு பறந்தது. சாயங்காலம் லீவில் கையெழுத்து விழுந்தது. மறுநாளே சம்பந்தி ரயில் ஏறினார்.

பேரன் பிறந்தான். ஆளில்லாத அறையில் சர்வர் ஒரு நாள்கூட படுக்கவில்லை. லீவு முடியப் போகிற நேரத்தில் சம்பந்தி மேனேஜருக்கு போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்ததால் மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னும் ஒரு வாரம் வேணும் சார். நான் பக்கத்துல இருந்தா குழந்தை நல்லாத் தூங்கறான். எழுந்து அந்தப்பக்கம் போனா அழுது ஊரைக் கூட்டறான்."

மேனேஜர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "காரணம் என்னன்னு பாத்தீங்களாம்மா?"

"பாக்கல சார்" என்றார் சம்பந்தி. "பாக்கவும் போறதில்ல."

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. மேசை மேல் கிடந்த பேனாவை எடுத்து மேனேஜர் கையில் கொடுத்தேன். "போடுங்க சார் கையெழுத்த. அப்படியே எனக்கும் ரெண்டு நாள் சேத்துப் போடுங்க. என்கிட்டயும் தூங்கறானான்னு பாக்கணும்."