நான் திருடக் கற்றுக்கொண்ட விதம்

என் மகள் சிரம்பானில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு விடுமுறையில் வந்து தன் பாடத்தைப் பற்றிச் சொன்னாள். யாரும் திருடராகப் பிறப்பதில்லையாம். கூடப் பழகுகிறவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்களாம். கை வேலையை மட்டுமல்ல, இது தப்பில்லை என்று மனதுக்குச் சொல்லிக்கொள்ளும் வார்த்தைகளையும் அவர்களிடமிருந்தே எடுத்துக்கொள்கிறார்களாம். செய்து பலன் கிடைத்தால் மறுபடி செய்வார்களாம்.

"இதுக்கு ஒரு புத்தகமா? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்லா" என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் நான் திருடினேன். அதை ஒருநாளும் மறைத்ததில்லை. ஒரே ஒரு தடவை தவிர, அதற்காகத் தலைகுனிந்ததும் கிடையாது.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில் தம்பின் ஊர்ப் பக்கம் இருந்தது. ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன மறுநாள் பங்களா திறந்து கிடந்தது. எங்களை வேலை வாங்கும் மண்டோர், கோயில் திருவிழாவில் முதல் மரியாதை வாங்கிக்கொள்ளும் மனிதர், துரையின் கண்ணாடி அலமாரியை முதுகில் சுமந்துகொண்டு பட்டப்பகலில் எங்கள் லயத்துக் குடியிருப்பு வழியே நடந்து போனார். வேர்த்துக்கொட்டியது அவருக்கு. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் லயத்தில் பாதிப்பேர் பங்களாவுக்குள் இருந்தார்கள். நான் போகவில்லை. இருபது வயது எனக்கு. அடுத்த வீட்டு வேலியில் காய்த்த பாகற்காயைக்கூடத் தொடாதவள்.

பிறகு என் கணவரைச் சயாமில் ரயில் பாதை போடுவதற்கு என்று லாரியில் ஏற்றினார்கள். மூன்று மாதத்தில் வந்துவிடுவார் என்றார்கள். அவர் வரவே இல்லை. இரண்டு வயது மகளோடு நான் தனியாக நின்றேன். பால்மரம் வெட்டுவது நின்று, மரவள்ளி நட்டோம். வாரத்துக்கு ஒருமுறை தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அரிசி அளந்து போடுவார். அவர் அளக்கிற தகரக் குவளையின் அடிப்பாகம் உள்பக்கமாக அடித்து மேடாக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குவளையிலும் ஒரு பிடி குறையும். எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்தால் அந்தக் குவளையும் கிடைக்காது.

தோட்டத்து அரிசிக் கிடங்கில் கிழிந்த சாக்குகளைத் தைக்க ஆறு பெண்களை எடுத்தார்கள். நானும் பக்கத்து வீட்டுக்காரியும் அதில் இருந்தோம். என்னைவிட இரண்டு வயது சின்னவள், துடுக்குக்காரி. அவள் புருஷனும் சயாமில்தான் இருந்தான். விரல் பருமனுக்கு மூங்கிலைச் சாய்வாகச் சீவி வைத்திருந்தாள். சாக்கின் இழைகளுக்கு நடுவே அதைச் செருகினால் அரிசி தானாக இறங்கும். உருவியதும் நகத்தால் தேய்த்தால் இழை மூடிக்கொள்ளும். பாவாடைக்குள் இடுப்பில் ஒரு பை.

முதல் நாள் என் கை நடுங்கியது.

"நடுங்காதக்கா, சாக்கு கிழிஞ்சிரும்" என்றாள்.

"களவு இல்லையா இது?"

"கிராணி குறைச்சானே, அதைத்தான் நாம அளந்து எடுத்துக்கிறோம். களவுன்னு சொல்லிப் பழகாத."

அன்று என் மகள் கஞ்சி குடித்தாள். வயிறு நிறைந்து என் மடியிலேயே தூங்கிப்போனாள். மறுநாள் என் கை நடுங்கவில்லை.

ஆனால் கற்றுக்கொண்ட கை ஓர் இடத்தில் நிற்பதில்லை. ஒருநாள் எதிர்வீட்டு வாசலில் காய்ந்துகொண்டிருந்த உப்பு மீனில் இரண்டை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். எடுத்தபோது மனதில் ஒன்றுமே தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். என் கையைப் பிடித்து முறுக்கினாள்.

"அந்த வீட்லயும் புள்ள இருக்குல்ல? இதையா நான் சொல்லிக் கொடுத்தேன்?"

எதிர்வீட்டுக்காரியின் முன்னால் மீனைத் திருப்பி வைத்தேன். என் ஆயுளில் நான் வெட்கப்பட்ட திருட்டு அது ஒன்றுதான்.

மாட்டிக்கொண்டது பிறகு ஒரு காலையில். லாரியில் ஏற்றும்போது ஒரு சாக்கு வாய் பிரிந்து கொட்டியது. மற்ற சாக்குகளையும் தூக்கிப் பார்த்த ஜப்பான் அதிகாரி, எடை குறைவதைக் கண்டுபிடித்தான். எங்கள் ஆறு பேரையும் வரிசையாக நிறுத்திச் சோதித்தார்கள். அன்றைக்கு அரிசி இருந்தது என் இடுப்பில் மட்டும்தான். அதிகாரி அறைந்த அறையில் காது அடைத்துப்போனது. கிராணி அவனிடம் மலாயில் ஏதோ சொல்லிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார்.

"இதுங்களுக்கு ரத்தத்திலேயே திருட்டு. மாறவே மாறாதுங்க."

அறை வலித்ததைவிட அந்தப் பேச்சு எனக்கு வலித்தது. என்ன தைரியத்தில் போனேனோ தெரியாது. கிராணியின் மேசைமேல் இருந்த அந்த அளவுக் குவளையை எடுத்து, அதிகாரி முன்னால் கவிழ்த்துப் பிடித்தேன். குழிந்த அடிப்பாகத்துக்குள் என் கைமுட்டியை வைத்துக் காட்டினேன்.

"துவான், தெங்கோ!" என்றேன். ஐயா, பாருங்கள் என்று சொல்ல எனக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான்.

அவன் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கிராணிக்கும் ஓர் அறை விழுந்தது. எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வெயிலில் நிற்கவைத்தான். உட்காரக்கூடாது, தண்ணீர் கூடாது. பொழுது சாய்கிறவரை நின்றோம்.

நடுவில் கிராணி, தலையைத் திருப்பாமல் மெதுவாகப் பேசினார். "எனக்கு நாலு புள்ளைங்கம்மா. எனக்கு முன்னால இருந்த கிராணி சொல்லிக் கொடுத்தது இது. வெள்ளைக்காரன் காலத்துக் குவளை."

ஒரு நொடி எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது உண்மைதான். அதை விழுங்கிக்கொண்டேன்.

"கத்துக்கிட்டீங்க, சரிங்கய்யா. நானும் கத்துக்கிட்டவதான். ஆனா நான் பசிச்ச புள்ள வாயிலேர்ந்து புடுங்கலை. எடுத்த மீனையும் திருப்பி வச்சேன். நீங்க என்னத்தைத் திருப்பி வச்சீங்க?"



என்னைக் கிடங்கிலிருந்து எடுத்து, காடு வெட்டும் கூட்டத்தில் போட்டார்கள். உள்ளங்கை கிழிந்து சீழ் வைத்தது. ஆனாலும் அதற்கடுத்த வாரம் லயத்தில் எல்லோருக்கும் புதுக் குவளையில் அரிசி விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி தன் பங்கில் பாதியை என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பழைய கிராணி வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர், அரிசி வைக்கிற ஸ்டோருக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று காலை வரிசையில் கேட்டார். நான் முன்னால் போய் நின்றேன். யாரோ பின்னாலிருந்து, "அது திருடிப் பிடிபட்ட பொம்பளைங்க" என்று கத்தினார்கள்.

"ஆமாங்கய்யா, திருடினவதான். அரிசி எந்தெந்த வழியில வெளிய போகும்னு இங்க என்னைவிடத் தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தா, அவங்களைப் போடுங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மறுநாள் ஸ்டோர் சாவியை என் கையில் கொடுத்தார். பதினோரு வருஷம் அது என்னிடம் இருந்தது.