கதவில் மாட்டிய பிறந்தநாள்

போன மாதம் ஒரு காலை. எதிர்வீட்டு ரோசம்மா அக்கா, கையில் துணிப்பையோடு என் வாசலில் நிற்கிறார்.

"தம்பி, என்னை பஸ் ஸ்டேஷன்ல விட்டுடு. ஜித்ராவுக்கு மக வீட்டுக்குப் போறேன். இனிமே இங்க வர மாட்டேன்லா!"

அக்காவின் மகன் அருள், ஹாலந்துக்குப் படிக்கப் போய், லீன் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊர் சுங்கைப் பட்டாணிக்கே திரும்பி வந்தவன். மருமகள் மீன் கறி சாப்பிடுகிறாள், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறாள். பிறகென்ன குறை?

"என் பேரைக் கக்கூஸ்ல தொங்க விட்டிருக்கா, தம்பி!"

போய்ப் பார்த்தேன். உண்மைதான். லீனின் அம்மா ஏர் மெயிலில் அனுப்பிய நீளமான காலண்டர், டாய்லெட் கதவின் உள்பக்கம். தேதிக்குப் பக்கத்தில் குடும்பத்தார் பெயர்கள். லீனைப் பெற்றவர்களும் அங்கேதான் தொங்கினார்கள்.

அருள் தலையைச் சொறிந்தான். "அவங்க ஊர்ல பொறந்தநாள் காலண்டரை அங்கதான் மாட்டுவாங்க, மாமா. தினம் போற இடம்... மறக்க முடியாதுல்ல?"

ஹாலந்தில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அவருடைய அம்மா, மாமியார் என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்துவார்களாம்! மறந்தால்தான் அவர்களுக்கு அவமானம். நமக்கோ... மறக்கலாம், மாட்டும் இடம் மட்டும் தப்பக் கூடாது.

லீன் கண் கலங்கிவிட்டாள். காலண்டர் ஹாலுக்கு, இயேசு படத்துக்குப் பக்கத்தில் குடியேறியது. "அந்த ஆணியையும் புடுங்குடா!" என்றார் அக்கா. அருள் பிடுங்கிய பிறகுதான் பையைக் கீழே வைத்தார்.

போன செவ்வாய் அக்காவுக்குப் பிறந்தநாள். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில் அதை யார் கொண்டாடினார்கள்? ஐ.சி. அடையாள அட்டையில் மட்டும் கிடந்த தேதி அது. அதைக் கேட்டு எழுதிக்கொண்ட முதல் ஆள் லீன்தான்.

அன்று அக்கா காலையிலேயே நல்ல சேலை கட்டி ஹாலில் உட்கார்ந்துவிட்டார். அருள் பேக்டரிக்குப் போனான். லீன் பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தாள். பொழுதும் சாய்ந்தது. காலண்டர் பக்கம் யாரும் திரும்பவே இல்லை. அக்கா வாய் திறந்து கேட்கவுமில்லை. மறுநாள் கேள்விப்பட்டபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

சொன்னது அக்காவேதான். மறுபடியும் என் வாசலில். இந்த முறை பை இல்லை — ஒரு கையில் காலண்டர், மறு கையில் சுத்தியல்.

"தம்பி, அந்தக் கக்கூஸ் கதவுல ஒரு ஆணி அடிச்சுக் குடு. என் பேரு அங்கயே இருக்கட்டும்லா."

அடித்துக் கொடுத்தேன். அப்படியே, என் பிறந்த தேதியையும் லீனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.