கரமனையில் சத்தம் போன லேப்டாப்

"அண்ணா, கம்ப்யூட்டர் பேசவே மாட்டேங்கறது. பத்து மணிக்கு டெஸ்ட்!"

கரமனையிலிருந்து வைதேகி போனில் அழாத குறையாகச் சொன்னபோது மணி ஒன்பதரை. பார்வையில்லாத பெண். திரையில் இருப்பதை லேப்டாப் வாசிக்க, அதைக் கேட்டுத்தான் வேலை செய்வாள். வீட்டிலிருந்தே பார்க்கும் ஒரு வேலைக்கு அன்று ஆன்லைன் தேர்வு. அந்த லேப்டாப்பில்தான் எழுத வேண்டும். பத்தேகாலுக்கு லாகின் மூடிவிடும், மறுவாய்ப்பு கிடையாது.

என்ன நடந்திருக்கும் என்று எனக்கு உடனே புரிந்தது. லினக்ஸ் அப்டேட் ஆகி, அதன் மையப் பகுதியான கெர்னல் புதிதாக ஏறியிருக்கிறது. நான் கம்பைல் பண்ணிப் போட்டிருந்த சவுண்ட் டிரைவர் பழைய கெர்னலுக்கானது. புதியதில் லோட் ஆகாது. பழைய கெர்னலில் பூட் செய்தால் அப்போதைக்குச் சமாளிக்கலாம். ஆனால் எந்தக் கெர்னல் என்று ஆன் ஆகும்போதே கேட்கும் பூட் மெனு பேசாது. கண்ணால் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"பதறாதம்மா, இப்பம் வாறேன்."

கிழக்கேகோட்டையில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையிலிருந்து ஸ்கூட்டரை எடுத்தேன். நல்ல மழை. கிள்ளிப்பாலத்தில் ஒரு பஸ்கூட அசையவில்லை. விடாமல் ஹாரன் அடித்ததில், "எந்தா சேட்டா, பறந்து போகணோ?" என்று ஆட்டோக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். போய்ச் சேர்ந்தபோது லாகின் மூடிவிட்டது.

வைதேகி லேப்டாப் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். ரீஸ்டார்ட் செய்தேன். மெனுவில் கீழ் அம்பு ஒரு தடவை, என்டர். மறுபடி கீழ் அம்பு இரண்டு தடவை, என்டர். பழைய கெர்னல் ஏறியது, லேப்டாப் பேசியது. பிறகு பழைய டிரைவரை எடுத்துவிட்டு, கெர்னல் மாறும்போதெல்லாம் அதற்கேற்பத் தானாகவே பில்ட் ஆகும்படி புதியதைப் போட்டேன்.

"மொதல்ல என்ன பண்ணேள் அண்ணா? நாலஞ்சு கீ சத்தந்தானே கேட்டுது?"

சொன்னேன்.

"அவ்வளவுதானா? போன்லயே சொல்லியிருந்தேள்னா நானே அமுக்கியிருப்பேனே."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு டிரைவர் மாற்ற நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டிச் சாவியை எடுக்கும் முன், எதிர்முனையில் இருப்பவரால் என்ன செய்ய முடியும் என்று கேளுங்கள். கீபோர்டில் வைதேகிக்கு என்னைவிட வேகம். அதைப் பலமுறை நேரில் பார்த்தவன்தான் நான். அன்றைக்கு மட்டும் அவளுக்குக் கண் தெரியாது என்பது ஒன்றுதான் என் நினைவுக்கு வந்தது.

அதற்கப்புறம் அந்த லேப்டாப் ஒருநாளும் பேசாமல் இருந்ததில்லை. வைதேகிக்கு அந்த வேலைதான் இல்லாமல் போயிற்று.