நெஞ்சில் கை வைத்துக் கேட்பது

என் மாமா அரபி கற்றுக்கொண்டதைக் கெடுத்தவன் நான். அப்போது சின்னப் பையன்தான். ஆனால் அவரை அவமானப்படுத்துகிறோம் என்று தெரிந்தேதான் செய்தேன்.

அவர் அம்மாவின் தம்பி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். எழுபதுகளின் நடுவில் அவருக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்த பாய் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவர். மாமா மாலையில் அவரிடம் போய் உட்காருவார். நானும் சைக்கிளில் தொற்றிக்கொள்வேன். சாமான்களின் பெயரெல்லாம் மாமாவுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. ஒன்றைக் கேட்டு வாங்கத்தான் வரவில்லை. தண்ணீர் கொடு என்பதைத் தமிழில் சொல்வதுபோலவே அரபியில் சொல்லி நிறுத்திவிடுவார்.

ஒருநாள் பாய் மிஷினை நிறுத்தினார். "நம்ம ஊர்ல அண்ணேன்னு ஒரு வார்த்த போதும் தம்பி, மீதிய கொரலு பாத்துக்கும். அங்க அது செல்லாது. மொதல்ல சலாம். அப்பால உடம்பு நல்லா கீதா, புள்ளைங்க நல்லா கீதான்னு கேக்கணும். அவரு ஆயுசுக்கு துவா செய்யணும். நீங்க மனசு வெச்சான்னு இழுத்துட்டு, கடைசியிலதான் விஷயம்."

வயலில் மோட்டார் கொட்டகைக் கதவை முதலாளியாக வைத்துக்கொண்டு, வலக்கையை நெஞ்சில் பதித்து, மாமா பழகினார். நான் வரப்பிலிருந்து பார்த்திருக்கிறேன்.

மாமாவின் மனைவியான அத்தைக்கு வளைகாப்பு நடந்த அன்று உறவெல்லாம் கூடியிருந்தது. நான் ஓர் அலுமினியத் தட்டை ஏந்தி, நெஞ்சில் கை வைத்து, அதே அரபி வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு, பந்தியில் ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்தேன். பந்தியே சிரித்தது. பெரிய மாமா தம்பியைப் பார்த்து, "இன்னாடா, வேலைக்குப் போறியா, கையேந்தப் போறியா? நெல்லு அளந்து போட்ட ஊடுடா இது" என்றார். மாமாவும் சிரித்தார். மறுநாளிலிருந்து தையற்கடைக்குப் போகவில்லை. "வேலதான பேசப் போவுது" என்று சொல்லிவிட்டார்.

அவர் குவைத் போன பிறகு குழந்தை பிறந்தது. தலை நிற்பதற்குள் அதற்குக் காய்ச்சல் கண்டது. தந்தி போயிற்று, மாமா வரவில்லை. வந்தபோது தூளி கட்டிய கொக்கிதான் மிச்சம்.

"கேட்டேங்கா," என்றார் அம்மாவிடம். "லீவு குடு, ஊருக்குப் போவணும்னு கேட்டேன். அந்தாளு மூஞ்சியே மாறிடுச்சி. அப்பால இன்னா சொல்றதுன்னு தெரியல. அங்கியே நின்னுக்கினு இருந்தேன்."

முறையாகக் கேட்டிருந்தால் விட்டிருப்பார்களா, விட்டிருந்தாலும் உயிரோடு பார்த்திருப்பாரா, எனக்குத் தெரியாது. சொல் இல்லாமல் அவர் நின்றது மட்டும் தெரியும். அது என்னால்.

தனியாகத் தையற்கடைக்குப் போய், மன்னிப்புக் கேட்கும் முறையைப் பாயிடம் கற்றுக்கொண்டேன். மாமா முன்னால் நின்று சலாம் சொல்லி, நலம் கேட்டு, அவர் ஆயுளுக்கு வேண்டி, கடைசியில் மன்னிப்புக் கேட்டேன். முடியும்வரை குறுக்கிடாமல் கேட்டார்.

"நல்லா சொல்ற. உங்க அத்தைக்கு அரபி தெரியாது. அவகிட்ட தமிழ்ல கேளு."

அத்தை சமையற்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து, பக்கத்தில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "அத்தை" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. நம்ம ஊரில் போதும் என்று பாய் சொன்னாரே, அந்த மாதிரி ஒரு வார்த்தைதான் என்னிடம் இருந்தது. அத்தை நிமிராமல் முறத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று எண்ணி வெளியே வந்துவிட்டேன்.

முறத்தை இழுத்தது, படியில் நான் உட்கார இடம் விடத்தான் என்பது, அத்தை இறந்து வெகுகாலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.