துண்டு மாமா கப்பலேறிய கதை

முதலில் நாற்காலியின் முதுகைப் பிடித்து ஓர் ஆட்டு. பிறகு குனிந்து அதன் அடிவயிற்றை ஒரு பார்வை. நாலு காலும் தரையில் ஊன்றியிருக்கிறதா என்று கட்டைவிரலால் ஒரு தட்டு. இவ்வளவும் முடிந்து, தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்ட பிறகுதான் துண்டு மாமா துண்டை விரிப்பார். சொகுசுக் கப்பலின் மேல்தளத்தில் அந்த அதிகாலையில் வேறு ஈ காக்கை இருக்காது. நீச்சல் குளத்துத் தண்ணீர் மட்டும் கப்பலோடு சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டிருக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் சாய்வு நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். அதனால் என்ன? காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிற பிறவியல்ல அவர்.

நாற்காலி, மேஜை வாடகைக்கு விடுவது அவர் தொழில். கல்யாணம், கூட்டம், துக்கம் எதுவானாலும் அவர் கடை வண்டிதான் முதலில் வந்து நிற்கும். ஊரில் பாதிப் பேர் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துதான் அழுதிருக்கிறார்கள். மீதிப் பேர் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் சிரித்திருக்கிறார்கள். அவர் மட்டும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கடையில்கூட மேஜை மூலையில் சாய்ந்து நின்றபடியேதான் பேச்சு. “விக்கிற பண்டத்த நாமளே கடிக்கலாமா?” என்பார், நாற்காலி ஏதோ பலகாரம் போல.

சொந்த பந்தங்களுக்கு இடம் பிடிப்பது தொழிலுக்கு வெளியே அவர் செய்துவரும் பொதுச்சேவை. பேருந்து, சினிமாக் கொட்டகை, ஆஸ்பத்திரி வராந்தா, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எங்கே போனாலும் குடும்பம் பின்னால் ஆடி அசைந்து வரும். மாமா முன்னால் ஓடிப் போய்த் துண்டைப் போட்டிருப்பார். இந்தத் துறையில் அவருக்கென்று எழுதப்படாத சட்டப்புத்தகம் ஒன்று உண்டு. “கர்சீப் போட்டா அஞ்சு நிமிஷம் தாங்கும். துண்டுன்னா அரை மணி. ஜிப்பு வெச்ச பைன்னா ஒரு மணி. தூங்கற கொழந்தையப் படுக்க வெச்சிட்டியா, பத்திரம் பதிஞ்ச மாதிரி. கோர்ட்டுக்குப் போனாலும் ஒண்ணும் பண்ண முடியாது.”

அவர் தோளில் கிடக்கும் சிவப்புக் கரை போட்ட துண்டு தலைமைத் துண்டு. அசாதாரணமான சந்தர்ப்பங்களில், அதாவது முதல் வரிசை, ஜன்னலோரம் போன்ற விஷயங்களில் மட்டுமே அது களத்தில் இறங்கும். துண்டு என்று பெயரே தவிர, துண்டின் வேலையை அது ஒருநாளும் செய்ததில்லை. யார் முகத்தையும் துடைத்ததில்லை, யார் தலையையும் துவட்டியதில்லை. மாமாவுக்கு வேர்த்தால் சட்டைக் கைதான். கப்பல் பயணத்துக்கு அதன் துணையாகக் குடும்பத்தில் ஆளுக்கொரு துண்டு என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். மாத்திரைப் பையை வீட்டிலேயே மறந்துவிட்டார். துண்டுப் பையை மறக்கவில்லை. இதை அவர் மனைவி வாழ்நாள் முழுவதும் சொல்லிக்காட்டப் போகிறாள்.

குடும்பத்தோடு கடலில் போய்வரலாம் என்று ஏற்பாடு செய்தது அக்கா மகன். அக்கா, அத்தான், தம்பி, தம்பியின் வயசுப் பிள்ளைகள், மருமகள்கள், பொடிசுகள் என்று ஒரு படையே ஏறியது. ஏறும் பாலத்திலேயே அக்கா மாமாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஆயுள் முழுக்க அடுப்புக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவே நடந்தே தேய்ந்தவள்.

“டேய், எனக்கு இந்தக் கப்பல்ல ஒண்ணே ஒண்ணுதான் வேணும். எல்லாரும் ஒரே மேஜையில ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். நானும் உக்காரணும். எழுந்து எழுந்து பரிமாறக் கூடாது. ஒரே ஒரு வேளை.”

“இவ்ளோதானா? எடத்த நான் பாத்துக்கறேன்க்கா,” என்றார் மாமா. பிறக்கும்போதே இந்த வேலைக்கு நேர்ந்துவிடப்பட்டவர் போல இருந்தது அவர் குரல்.

கப்பல் புறப்படும் முன்பே உணவுக்கூடத்தைப் போய்ப் பார்த்தார். இருப்பதெல்லாம் நால்வர் மேஜை, அறுவர் மேஜை. அவற்றை இழுத்துச் சேர்க்க முடியாது. புயலுக்குப் பயந்து தரையோடு திருகி வைத்திருந்தார்கள். கடைசியில், கண்ணாடிச் சுவரை ஒட்டி, பின்னால் ஓடும் கடலைப் பார்த்தபடி ஒரே ஒரு பெரிய வட்ட மேஜை. சுற்றியிருந்த நாற்காலிகளை மாமா விரல் நீட்டி எண்ணினார். குடும்பத்தை மனசுக்குள் எண்ணினார். அச்சுக் கோத்தாற்போல் சரியாக இருந்தது. தலைமைத் துண்டு களத்தில் இறங்கியது.

ஆனால் கப்பல் என்பது மாமாவின் சட்டப்புத்தகத்தில் இல்லாத தேசம். பற்றாக்குறை உள்ள இடத்தில்தான் இடம் பிடிப்பவனுக்கு மரியாதை. இங்கேயோ எங்கு திரும்பினாலும் நாற்காலி, எங்கு திரும்பினாலும் தீனி. காலையில் எழுந்ததும் பஃபே, அது செரிப்பதற்குள் பீட்சா, நடுவில் குழாயைத் திருகினால் ஐஸ்கிரீம். பசித்தால்தானே உறவுக்காரன் சாப்பாட்டு மேஜைக்கு வருவான்? கப்பலில் ஒருவருக்கும் பசிக்கவில்லை.

முதல் ராத்திரி கடல் கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. பாதிக் குடும்பம் அறையில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு படுத்துவிட்டது. இரண்டாம் ராத்திரி வயசுப் பிள்ளைகள் பீட்சாக் கடைக்குக் கம்பி நீட்டிவிட்டார்கள். தம்பி வந்தான், வந்தவன் மூன்று தரம் பஃபேயைச் சுற்றிவிட்டு வந்திருந்ததால் தண்ணீர் மட்டும் குடித்தான். அந்தப் பெரிய வட்ட மேஜையில் ஐந்தே பேர் ஆளுக்கொரு திசையில் தீவு தீவாக உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறுகிறவர் சூப்போடு சுற்றி வருவதை அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிவிட்டாள். “சும்மா கைய கட்டிக்கிட்டு உக்கார முடியலடா. பாதிப் பேர் இல்லாத மேஜையில எனக்கென்ன ராணி வேஷம்?”

மாமாவுக்குச் சூப்பு இறங்கவில்லை. அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

பகலிலும் இதே கதை. விரித்த துண்டுகளில் வந்து உட்கார்ந்தவர் அத்தான் ஒருவர்தான். அவரும் படுத்த நிமிடமே குறட்டை. ஆளில்லாத துண்டை அரை மணிக்கு மேல் விட்டுவைப்பது கப்பல் விதிகளுக்கு விரோதம். சீருடைக்காரர்கள் கூடையோடு வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். மாமா கவுன்டருக்குப் போய் மீட்டு வருவார். இரண்டாம் நாளிலிருந்து அங்கிருந்த பெண் அவர் தலையைக் கண்டதுமே மூட்டையை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவாள். இத்தனைக்கும் நடுவே அவருக்கு ஒரு தொழில்போட்டி வேறு. வேறொரு பெருங்குடும்பத்து அம்மாள், கையில் ஊதா நிறக் கைப்பையோடு, எதிர் வரிசையில் தொப்பி தொப்பியாக வைத்து இடம் பிடித்துக்கொண்டிருந்தாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எல்லைக்காவலர்கள் போல ஒருவரையொருவர் பார்த்து லேசாகத் தலையசைத்துக்கொள்வதோடு சரி.

“மாமா, எதுக்கு இந்தப் பாடு?” என்றான் அக்கா மகன். “ஆளுக்கு ரெண்டு நாற்காலி போட்டு உக்காந்தாலும் இங்க மிஞ்சும்.”

“இப்ப மிஞ்சும்டா. திடீர்னு எல்லாரும் வந்துட்டா?”

“எங்கேர்ந்து மாமா வருவாங்க? நடுக்கடல்ல?”

மாமா குனிந்து ஒரு துண்டின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

அவருடைய சேவையை அந்தக் கப்பலில் மதித்த ஒரே ஜீவன் அக்காவின் பேத்தி. முன்பல் இரண்டும் விழுந்தவள். வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள். மூன்றாம் நாள் காலையில் மாமா பின்னாலேயே நடந்து வந்து, துண்டு துண்டாகச் சுட்டிக்காட்டி விசாரணை நடத்தினாள்.

“துண்டுத் தாத்தா, இது யாரு?”

“இந்தப் பச்சையா? உங்க பாட்டி.”

“இது?”

“சின்னத் தாத்தா. பாரு, அவன மாதிரியே கோணலாக் கெடக்கு.”

வாலு ஒவ்வொரு துண்டுக்கும் குனிந்து வணக்கம் சொன்னாள். பச்சைத் துண்டிடம், “பாட்டி, வெயில் ஏறிடுச்சு, திரும்பிப் படு,” என்று அதை மடித்துப் போட்டாள். கடைசித் துண்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

“நீங்க எந்தத் துண்டு?”

“நானா? நான் நிக்கறவன்டா கண்ணு. எனக்கு எதுக்கு?”

“நின்னுக்கிட்டே சாப்பிடுவீங்களா?”

“ஆமா.”

“நின்னுக்கிட்டே தூங்குவீங்களா? குதிர மாதிரி?”

“உங்க பாட்டியக் கேளு,” என்று மாமா நழுவிவிட்டார்.

அன்றிரவும் வட்ட மேஜையில் பாதி நாற்காலி காலி. கழுத்தில் வண்ணத்துப்பூச்சி போல டை கட்டிய உணவுக்கூட மேலாளர் வந்து, பூப்போலச் சொன்னார். நாளை கடைசி இரவு. இன்னொரு பெரிய குடும்பமும் இதே மேஜையைக் கேட்கிறது. ஆகவே கதவு திறந்து கால் மணிக்குள் எல்லோரும் வந்து உட்கார்ந்தால் மேஜை உங்களுக்கு, இல்லாவிட்டால் அவர்களுக்கு. மாமா திரும்பிப் பார்த்தார். தூரத்து மேஜையில் ஊதாக் கைப்பை தெரிந்தது. இந்தப் பக்கம் அக்கா, யாரும் கேட்காமலே, காலித் தட்டுகளை அடுக்க ஆரம்பித்திருந்தாள்.  இடத்தைப் பிடிக்கத் தெரிந்த தனக்கு ஆளைப் பிடிக்கத் தெரியவில்லை என்பது அறுபது வயதைத் தாண்டி நடுக்கடலில் மாமாவுக்கு உறைத்தது.

கடைசி இரவு. கதவு திறந்ததும் முதல் ஆளாக நுழைந்தார். மேஜை கிடைத்தது. அக்கா, அவர் மனைவி, வாலு மூவர் மட்டும் கூட வந்திருந்தார்கள். வழக்கமாக இந்தக் கட்டத்தில் மாமா தூணாக நின்றுவிடுவார். இன்று தலைமைத் துண்டை எடுத்தார், விரிக்கப் போனார், மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

“நான் போய் எல்லாரையும் இழுத்துட்டு வரேன். நீ பாத்துக்க,” என்றார் மனைவியிடம்.

கட்டிய நாளாக அவர் இன்னொருவரை நம்பி ஓர் இடத்தை விட்டுப் போனதில்லை. அவள் பயந்துபோய், “உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றாள்.

“நான் பாத்துக்கறேன், துண்டுத் தாத்தா,” என்றாள் வாலு.

மாமா ஓடினார். ஜிம்மில் தம்பி ஓடுபொறியில் ஓடிக்கொண்டிருந்தான். எங்கும் போய்ச் சேராமல் ஓடுகிற தம்பியைப் பார்த்துப் பரிதாபப்பட அவருக்கு நேரமில்லை. “டேய், எல்லாரும் வந்தாச்சு. நீதான் பாக்கி. அக்கா தட்டப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா.” தம்பி பதறி இறங்கினான். “அய்யோ, முன்னாலயே சொல்லக் கூடாதாண்ணா?”

வெந்நீர்த் தொட்டியில் அக்கா மகனும் மனைவியும் கழுத்து வரை ஊறிக்கொண்டிருந்தார்கள். “எல்லாரும் வந்தாச்சு. நீங்கதான் பாக்கி.” விளையாட்டுக்கூடத்தில் வயசுப் பிள்ளைகள் கண்ணில் கறுப்பு வி.ஆர். கண்ணாடி மாட்டிக்கொண்டு காற்றில் யாரையோ வெட்டிக்கொண்டிருந்தார்கள். “பசங்களா, எல்லாரும் வந்தாச்சு. நீங்கதான் பாக்கி.” “சாரி பெரியப்பா!” என்று அவர்கள் ஓடிய வேகத்தில் காற்றிலிருந்த எதிரி பிழைத்துக்கொண்டான். ஐஸ்கிரீம் குழாயடியில் மற்ற மருமகள்களிடமும் பொடிசுகளிடமும் அதே வரி. ஒரே பொய்யை இத்தனை பேரிடம் இத்தனை நாணயமாக விற்ற வியாபாரி வேறு யாரும் இருக்க முடியாது. மேல்தளத்தில் அத்தான் தமக்கென்று விரிக்கப்பட்ட துண்டை விட்டுக் காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. “அத்தான், எல்லாரும் வந்தாச்சு.” “நான் எங்க போனேன்? நீ போட்ட எடத்துலதான இருக்கேன்,” என்றபடி எழுந்தார் அவர்.

அத்தானை லிஃப்டில் ஏற்றியாயிற்று. ஒருவருக்குத்தான் அதில் இடமிருந்தது. “நீங்க போங்க,” என்றார் மாமா. அடுத்த லிஃப்ட் வந்தது. குழந்தையோடு ஒரு பெண் நின்றாள், அவளுக்கு விட்டார். அதற்கடுத்ததில் கோட்டுப் போட்ட கிழவர் ஒருவர். கடைசியில் படிக்கட்டில் இறங்கி, அவசரத்தில் கப்பலின் முன்பக்கமாக நடந்து, பாட்டுக் கச்சேரி அரங்குக்குள் நுழைந்து, வந்த வழியே முழு நீளமும் திரும்பி ஓடிவந்தார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

உணவுக்கூடத்து வாசலிலிருந்தே மேஜை தெரிந்தது. காலி நாற்காலி ஒன்றுகூட இல்லை. ஈரத்தலையோடு அக்கா மகன், ஜிம் ஷூவோடு தம்பி, கொட்டாவியோடு அத்தான். நடுவில் அக்கா, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. பரிமாறுகிறவர் அவள் தட்டில் சூப்பு ஊற்றினார். அவள் எழுந்திருக்கவில்லை. மாமா அங்கேயே ஒரு தூணில் சாய்ந்து நின்றுகொண்டார். நிற்பதற்குத் தோதான தூண்.

தம்பிதான் அவரை முதலில் பார்த்தான். “அண்ணா! எல்லாரும் வந்தாச்சு. நீங்கதான் பாக்கி!”

மேஜையே சிரித்தது. மாமாவும் சிரித்துக்கொண்டே, “நீங்க சாப்பிடுங்கடா, நான் அப்புறம்...” என்று கையசைத்தார். நாற்காலிகளை எண்ணிய அன்று யாரை எண்ண விட்டுப்போயிற்று என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

“துண்டுத் தாத்தா!” என்று ஒரு கத்தல். வாலு எழுந்து நின்றாள். அவளுக்கும் அக்காவுக்கும் நடுவில், வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத, மற்றவற்றோடு சேராத குட்டையான நாற்காலி ஒன்று செருகப்பட்டிருந்தது. அதன்மேல் அவளுடைய நீச்சல் குளத்துச் செருப்பு ஒன்று ஈரத்தோடு உட்கார்ந்திருந்தது. அடுத்த மேஜையில் ஊதா அம்மாளின் கைப்பை, தனக்கென்று பிடித்திருந்த நாற்காலியை இழந்து, அவள் மடியில் இருந்தது. அவள் மாமாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள்.

மாமா கிட்டே வந்தார். நாற்காலியின் முதுகைத் தொட்டார். ஆட்டிப் பார்க்கவில்லை. குனிந்தும் பார்க்கவில்லை.

“இங்க ஆள் இருக்கா?” என்று கேட்டார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

“இருக்கு. இந்தச் செருப்பு நீங்கதான்,” என்றாள் வாலு.

“உக்காருடா. சூப்பு ஆறுது,” என்றாள் அக்கா, திரும்பாமலே.

மாமா செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு தோளிலிருந்து சிவப்புக் கரை போட்ட துண்டை இழுத்தார். இவர் இப்போது யாருக்கு இடம் போடப் போகிறார் என்று மேஜை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அதை இரண்டு கையிலும் விரித்து, அதற்குள் முகத்தைப் புதைத்து, நெற்றி, கண், கழுத்து என்று நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.