பங்கு வேண்டாம் என்று ஒரு சண்டை

இன்று காலை, சங்கரன்கோவிலில் என் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்யும் முருகையா அண்ணாச்சி, அவருடைய அக்கா, போன வாரம் அவர் கட்டிக்கொண்ட மனைவி.

ஐம்பது வயதுக்கு மேல் மாப்பிள்ளை ஆன வெட்கம் அண்ணாச்சிக்கு இன்னும் போகவில்லை.

அக்காதான் பேசினார். "ஏம்மா, இவன் பாலிசில நாமினின்னு என் பேருதான் இருக்கு. அத எடுத்துட்டு இவ பேரப் போடு. இனிமே எல்லாம் இவதான்."

புதுப்பெண் விடவில்லை. "மதினி பேரும் இருக்கட்டும். இத்தன வருசமா இவுகளுக்குச் சோறு போட்டது யாரு?"

எனக்கு உற்சாகமாகிவிட்டது. "ரெண்டு பேர் பேரையும் போடலாம். யாருக்கு எவ்வளவு பங்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"எனக்குக் கால் பங்கு போதும்" என்றார் அக்கா.

"இல்ல மதினி, கால் பங்கு எனக்கு. முக்கால் உங்களுக்கு."

இருவரும் விட்டுக்கொடுக்காமல் விட்டுக்கொடுத்துக் கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஏ, நான் இங்கன உயிரோடதான இருக்கேன்? ரெண்டு பேரும் சேந்து இப்பமே என்னை அனுப்பிராதீய!"

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிவானது.

உங்கள் பாலிசியில் யார் பெயர் இருக்கிறது? அது அவர்களுக்குத் தெரியுமா?