பக்கத்துக் கட்டத்து ராணி

1. சாரல் தொடங்கிய வாரத்தில் அப்பா தன் ராணியை ஒரு சிப்பாய்க்குக் கொடுத்தார்.
2. அடுத்த ஞாயிற்றுக்கிழமை யானையைக் கொண்டுபோய், யாரும் கேட்காமலே, எதிராளியின் குதிரை வாயில் வைத்தார்.
3. அதற்கடுத்த ஞாயிறு, கண் எரிகிறது, இனிமேல் கணினியில் விளையாட முடியாது என்றார்.
4. அவர் கண்ணுக்கு ஒன்றும் இல்லை.
5. அந்தச் சதுரங்க மென்பொருளின் மூல நிரலை நான் இணையத்திலிருந்து இறக்கினேன்.
6. அது கம்பைல் ஆக மறுத்தது.
7. பாதி வேலையில் கணினி தானே அணைந்துபோனது. மறுநாளும் அணைந்தது. நிரல் மேல் பிழை இல்லை, என் அம்மா மேல்தான்.
8. ஒருவழியாகக் கம்பைல் ஆனது.

எழுதி வைத்தால் இவ்வளவுதான். எது முதலில், எது பிறகு என்று குறித்துவிட்டால்தான் எனக்கு மனம் அடங்கும். வேலை கற்றுக்கொடுத்த பழக்கம். ஆனால் அந்த நாட்களை நினைக்கும்போது வரிசை நிற்பதில்லை. மேற்கு ஜன்னல், அதற்கு அப்பால் மலையை மறைத்த வெள்ளை, மேசையில் மெல்ல இரையும் கணினி, திரையில் மேலே மேலே ஏறி மறையும் எழுத்துகள். எல்லாம் சேர்ந்து ஒரே நீண்ட பிற்பகலாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீடு தென்காசியில், குற்றாலம் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா போலீஸில் வயர்லெஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சீசன் காலத்தில் மெயின் அருவிப் பக்கம் கருவியோடு உட்கார்ந்து, தண்ணீர் கூடுகிறது, ஆட்களை வெளியேற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவருடைய நண்பர் செங்கோட்டையில் ரயில்வேயில் இருந்தவர், அவரும் ஓய்வு பெற்றாயிற்று. இரண்டு பேருக்கும் சதுரங்கப் பைத்தியம். பஸ் ஏறிப் போய் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நண்பருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதும், இரண்டு வீட்டிலும் மூலையில் கிடந்த பழைய கணினிகளில் நான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். இலவசமாகக் கிடைக்கும் ஒரு சதுரங்க மென்பொருளையும் நிறுவினேன். இங்கே ஒரு காய் நகர்ந்தால் செங்கோட்டையில் அதே காய் நகரும். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துக்கொள்வார்கள். விளையாட்டைவிடப் பேச்சுத்தான் அதிகம்.

சென்னை அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அங்கே எழுதும் நிரல் எனக்குச் சொந்தம் இல்லை. வேலை முடிந்த பிறகு செய்வதுதான் என் ஆசை: யாரோ எழுதித் திறந்து வைத்திருக்கும் மென்பொருளை அதன் மூல நிரலிலிருந்து, என் கணினியில், நானே கம்பைல் செய்து, ஓடும் மென்பொருளாகக் கட்டி எழுப்புவது. தயாராகக் கிடைப்பதை ஏன் திரும்பக் கட்டுகிறாய் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மாவு வாங்கி வந்து இட்லி ஊற்றலாம், அரைத்தும் ஊற்றலாம். எனக்கு அரைக்கப் பிடிக்கும்.

ராணி போன அன்று நான் பக்கத்து அறையில் இருந்தேன். போனில் நண்பரின் சிரிப்புக் கேட்டது.

"என்னவே, ராணியைத் தாம்பூலத் தட்டுல வச்சுக் குடுக்கீரு? சீர்வரிசையா?"

அப்பா ஏதோ சொல்லிச் சமாளித்தார். யானை போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் மறுபடியும் சிரித்தார். நான் எட்டிப் பார்த்தேன். மவுஸின் மேல் இருந்த வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டார். குளிருதுல்லா என்றார்.

சாரல் காலத்தில் அது நல்ல சாக்கு. ஊரே போர்த்திக்கொண்டு நடக்கும்போது கை நடுங்குவதை யார் கவனிப்பார்கள்? ஆனால் சித்திரை வெயிலிலேயே அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்திருந்தார். வயதில் சிலருக்கு வருவதுதான், மாத்திரையால் கொஞ்சம் அடங்கும், முழுக்கப் போகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார், முக்கியமாகச் செங்கோட்டைக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அவர் விட்டுக்கொடுத்து ஆடுவார் என்றார். விட்டுக்கொடுத்து ஆடுபவனோடு ஆடுவதற்குச் சும்மா இருக்கலாம் என்றும் சொன்னார். ஆட்டம் தெரியாதவன் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, கை நடுங்குகிறவன் என்று பெயர் வாங்க மாட்டார். அதனால்தான் கண் எரிச்சல்.

மவுஸைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு நாள் அவரைத் தனியாகக் கணினியோடு ஆட வைத்தேன். மவுஸை நகர்த்தும்போது திரையில் சுட்டி போகும் வழியை எல்லாம் பதிவு செய்யும் சிறிய நிரல் ஒன்றை ஓட விட்டிருந்தேன். அவர் எழுந்து போன பிறகு அந்த வழிகளைத் திரையில் கோடுகளாக வரைந்து பார்த்தேன்.

வெளியே வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் ஒரு வெளிச்சம். சாரல் பூப்போல விழுந்துகொண்டிருந்தது. திரையில் ஒவ்வொரு கோடும் ஒரு கட்டத்திலிருந்து கிளம்பி, சிலிர்த்து, வளைந்து, இன்னொரு கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு சிறு கூடு கட்டியிருந்தது. நூல்கண்டு சிக்கிக் கிடப்பதுபோல ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் கோடுகள். பிறகு, பொத்தானை விடும் அந்த நொடியில், ஒரு வால் மட்டும் தெறித்துப் பக்கத்துக் கட்டத்தில் விழுந்திருந்தது. காயும் அங்கேதான் விழுந்திருந்தது. கூடு இருந்த கட்டங்களை மட்டும் வைத்து ஆட்டத்தை மறுபடி ஆடிப் பார்த்தேன். நல்ல ஆட்டம். அவர் நினைத்த ஆட்டம் அதுதான். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் மனதுக்குள் ஒரு பலகை இருப்பதையும், அதில் எந்தக் காயும் தவறி விழுந்ததில்லை என்பதையும் கண்ணால் பார்ப்பது போல இருந்தது.

செய்ய வேண்டியது என்ன என்று அதன்பின் தெளிவாக இருந்தது. பொத்தானை விட்ட இடத்தில் அல்ல, சுட்டி அதிகம் தங்கிய கட்டத்தில் காயை வைக்க வேண்டும். அதற்குக் காய் சுட்டியின் பின்னால் சற்றுத் தாமதித்து வர வேண்டும். நிரலில் சில வரிகள்தான்.

அந்த வரிகளைச் சேர்க்கும் முன், மென்பொருள் இருந்தபடியே கட்டப்பட வேண்டும் அல்லவா? அதுதான் நடக்கவில்லை. எழுதியவர்கள் அதை விட்டுப் போய் வருடங்கள் ஆகியிருந்தன. அது நம்பியிருந்த பழைய லைப்ரரிகள், அதாவது துணை நிரல் தொகுப்புகள், இப்போது இல்லை. ஒன்றைக் கட்ட இன்னொன்று வேண்டும், அதைக் கட்ட மற்றொன்று. பிற்பகல் வேலை இடைவேளைகளில் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். கம்பைல் ஓடும்போது கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொரு வரியாக மேலே போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் நான் எங்கே இருக்கிறேன் என்பது மறந்துபோகும். எந்த ஊரிலோ எந்தக் குளிரிலோ உட்கார்ந்து யார் யாரோ எழுதிய வரிகள். நிரலின் நடுவே ஒருவர் குறிப்பு எழுதியிருந்தார்: இங்கே ஏன் ஒன்றைக் கூட்ட வேண்டியிருக்கிறது என்று தெரியவில்லை, கூட்டாவிட்டால் குதிரை பலகையைவிட்டு வெளியே போய்விடுகிறது. அவரை எனக்குப் பிடித்துப்போனது. அவருடைய குதிரை எங்கள் ஜன்னலைத் தாண்டி, தென்னைகளைத் தாண்டி, மேகத்துக்குள் ஏறிப் போவதாக ஒருமுறை அரைத் தூக்கத்தில் கண்டேன்.

பெரிய லைப்ரரி ஒன்றைக் கட்ட ஒரு பிற்பகல் முழுதும் பிடிக்கும். ஓட விட்டுவிட்டு மாடிக்குப் போய் அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்தேன். வந்து பார்த்தால் கணினி அணைந்து கிடந்தது. மறுநாளும் அப்படியே. நினைவகம் போதவில்லையோ என்று தேடினேன், மின்சாரமோ என்று பார்த்தேன், பிழைச் செய்தி எதுவும் இல்லை. மூன்றாம் நாள் கூட்டத்தைப் பாதியில் விட்டு இறங்கி வந்தேன். கணினி மேல் அப்பாவின் கம்பளி கழுத்து வரை போர்த்தியிருந்தது. அம்மா நான்கு பக்கமும் ஓரத்தை மடித்துச் செருகிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஜன்னலைத் தொறந்து போட்டுட்டு மேல போயிருத. சாரல் அடிக்கு, மிஷினுக்கு ஈரம் புடிச்சிராதா?"

சாரல் காலத்தில் எங்கள் பக்கம் வீட்டில் எதுவும் திறந்து கிடக்காது. அரிசி, தீப்பெட்டி, டிவி, எல்லாம் துணிக்குள் இருக்கும். மாடியில் என் காலடி கேட்டதும் கம்பளியை எடுத்து மடித்து வைத்துவிடுவாளாம், வேலைக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று. சூடு தாங்காமல் அது அணைகிறது என்று விளக்கினேன். இந்தக் குளிரில் எப்படிச் சூடாகும் என்று கேட்டாள். பின்புறம் வரும் காற்றில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தாள், எடுக்கவில்லை. அன்றிலிருந்து கம்பளி இல்லை. ஆனால் காயாத கைக்குட்டைகள், ஜாக்கெட்டுகள் ஒவ்வொன்றாகக் கணினிக்குப் பின்னால் ஒரு கொடியில் தொங்க ஆரம்பித்தன. அதற்கு நான் தடை சொல்லவில்லை.

கம்பைல் முடிந்த அன்று என் வரிகளைச் சேர்த்தேன். முறைப்படி, இந்த வசதியை இயக்கவும் நிறுத்தவும் அமைப்புகள் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்திருக்க வேண்டும். பொத்தான் என்றால் அதற்கு ஒரு பெயர் வேண்டும். என்ன பெயர் வைப்பது? எதை வைத்தாலும் அப்பா அதைத் திரையில் படிப்பார். அதனால் பொத்தான் வைக்காமல், எப்போதும் இயங்கும்படி விட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே பதிப்பு இருந்தால்தான் இணைப்புக் கிடைக்கும் என்பதால், செங்கோட்டைக் கணினியிலும் இங்கிருந்தபடியே அதையே நிறுவினேன். கண்ணுக்கு எரிச்சல் தராத புதுப் பதிப்பு என்று இரண்டு பேருக்கும் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தயங்கித்தான் உட்கார்ந்தார். ராணி, அவர் நினைத்த கட்டத்தில் போய் அமர்ந்தது. பிறகு யானை. அவர் தோள்கள் இறங்குவதைப் பார்த்தேன். ஏதோ புரிந்திருக்க வேண்டும், என் பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டு அடுத்த காயை எடுத்தார். நான் பின்னால் துணி மடிப்பதுபோல நின்றுகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் போனில் நண்பரின் குரல் என்னைக் கூப்பிட்டது. செங்கோட்டைக்காரர், மலையாளம் அங்கங்கே ஒட்டியிருக்கும், மகள் என்பது மோள் ஆகிவிடும்.

"மோளே, இதுல என்னமோ கேடு இருக்கு. காயி கூடவே வரமாட்டேங்கு. நான் இழுத்தா, கூப்பிட்ட மாடு மாதிரி பையப் பையப் பின்னால வருது. பழையதையே போட்டுக் குடு."

அப்போதுதான் உறைத்தது. நடுங்காத கைக்கு அந்தத் தாமதம் தெரியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. புதுப் பதிப்பு அப்படித்தான் என்று சொல்லத் தயாரானேன். அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"மிஷின்ல ஒண்ணும் இல்லவே. என் கை நடுங்குது. காயி அங்கன இங்கன போயி விழுது. அதுக்குத்தான் பிள்ளை இப்படிச் செஞ்சு வச்சிருக்கா. உமக்கும் சேந்து வந்துட்டு."

 போனில் நண்பர் நாற்காலியை முன்னால் இழுக்கும் சத்தம் கேட்டது.

"எப்ப இருந்து?"

"சித்திரையில இருந்து."

"அப்ப அந்த ராணி?"

"பக்கத்துக் கட்டத்துக்குப் போக வேண்டியது."

"பாவி மனுசா. நான் மருமகன்ட்ட, பேங்க்ல, பார்பர் கடையில, எல்லாத்துட்டயும் சொல்லிட்டேன், போலீஸ்காரனை மண்ணைக் கவ்வ வச்சிட்டேன்னு. இப்ப எந்த மூஞ்சியோட வெளிய போவேன்?"

அப்பா சிரித்துவிட்டார். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. நண்பர் விடவில்லை. அந்த ஆட்டங்கள் எதுவும் செல்லாது, முதலிலிருந்து ஆட வேண்டும் என்றார். தோற்றது தோற்றதுதான் என்றார் அப்பா. வாக்குவாதம் நீண்டது. இடையில் புகுந்து நான் சொன்னேன், பொத்தான் ஒன்று வைத்துவிடுகிறேன், செங்கோட்டையில் அதை நிறுத்திக்கொள்ளலாம், காய் பழையபடி வேகமாக வரும் என்று.

"வேண்டாம் மோளே. அவரு காயி மெதுவா வந்தா என் காயும் மெதுவாத்தான் வரணும். இல்லன்னா நாளைக்கு நான் ஜெயிச்சா அதுவும் செல்லாமப் போயிரும்."

அந்த ஆட்டத்தில் அப்பா தோற்றார். குதிரையை எடுத்த அவசரத்தில் ராஜாவைத் திறந்து போட்டுவிட்டார். இது கை இல்லை, என் மூளை என்று நண்பரிடம் அவரே சொன்னார். எழுந்து போய் அம்மாவிடம் காப்பி கேட்டார். ஒரு கையால்தான் வாங்கினார். கொஞ்சம் சிந்தியது, துடைத்துக்கொண்டார்.

இப்போதைய நிலை இது. அப்பாவின் நடுக்கம் குறையவில்லை, இடது கையிலும் லேசாகத் தொடங்கியிருக்கிறது. மாத்திரை தொடர்கிறது. ஞாயிறு ஆட்டம் நடக்கிறது. இரண்டு கணினியிலும் அதே பதிப்பு, அதே தாமதம். கணினியின் மற்ற மென்பொருள்கள் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இதைத் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டியிருக்கிறது, செய்கிறேன். என் வரிகளை அந்த மென்பொருளின் நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கே இன்னும் யாரும் பார்க்கவில்லை. போன வாரம் அப்பா ஜெயித்தார், அதற்கு முந்தைய வாரம் நண்பர்.